அயர்லாந்தைப் பிறப்பிடமாகக் கொண்டவர்

ஒன்பது வயதில் பெரியவர்களைத் திருத்துவதுதான் எனக்கு முழுநேர வேலை. அம்மா கடையில் ஆங்கிலம் பேசினால் காரில் ஏறியதும் திருத்துவேன். அப்பா பாடசாலைப் படிவத்தில் எழுதியதை ரீச்சரிடம் கொடுக்குமுன் வாசித்துத் திருத்துவேன். சித்தப்பாவைத் திருத்தத் தொடங்கினால் பொழுது போதாது. கெட்டிக்காரி என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை மறுத்துப் பேசவில்லை.

சித்தப்பா என்பவர் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி. படகில் வந்தவர். விசா வழக்கு முடியும்வரை அவருக்கு வேலை செய்ய அனுமதியில்லை. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வரவும் வழியில்லை. சிட்னியில் பரமட்டாவுக்கு அங்கால் இருந்த எங்கள் வீட்டின் பின்னறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை, சுவரில் ஒரு படம், இவைதான் அவருடைய உடைமை. படத்தில் இருந்தவர் அவருடைய அண்ணா, சைக்கிளைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டில் செத்துப்போனவர்களின் படங்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, சின்ன மின்விளக்கும் போட்டிருந்தது. சித்தப்பாவின் படத்துக்குப் பொட்டுமில்லை, விளக்குமில்லை. ஆகவே அவர் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற இன்னொரு பெரியப்பா என்று நானே முடிவுசெய்து வைத்திருந்தேன். எங்களுக்கு அப்படி நிறையப் பேர் இருந்தார்கள்.

பக்கத்து வீட்டில் அயர்லாந்து அங்கிள் இருந்தார். அவருக்கு ஒரு சொந்தப் பெயர் உண்டு, எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. பத்தொன்பது வயதில் சிட்னிக்கு வந்து, நாற்பது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டி, ஓய்வெடுத்தவர். மனைவி காலமாகிவிட்டார். மகன் தூரத்தில், பேர்த் நகரத்தில். சித்தப்பா அவருடைய புல்லை வெட்டிக் கொடுப்பார், பிறகு இருவரும் பின்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்கள். சித்தப்பாவுக்கு ஆங்கிலம் குறைவு. அங்கிளின் ஆங்கிலமோ வாயிலிருந்து குதித்து ஓடும். அப்படியிருந்தும் மணிக்கணக்காகப் பேசினார்கள். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் தயாராக நின்றும் யாரும் என்னைக் கேட்கவில்லை. அது எனக்கு மனவருத்தம்தான்.

அங்கிளின் ஊர் அவருடைய சாப்பாட்டு மேசையில், ஒரு மடிக்கணினிக்குள் இருந்தது. மேற்குக் கரையோரம், நாற்பது வீடு, ஒரு தேவாலயம். நோயாளிகளும் வெளிநாட்டில் இருப்பவர்களும் பூசை பார்ப்பதற்காகத் தேவாலயத்தின் பின்சுவரில் உயரத்தில் ஒரு கமரா பூட்டியிருந்தார்கள். அங்கே சனிக்கிழமை பின்னேரம் ஏழு மணிப் பூசை, எங்களுடைய கோடைகாலத்தில் ஞாயிறு விடிய ஆறு மணிக்கு வரும். சித்தப்பா அதைப் பார்க்கப் போவார். அங்கிள் சுடுகிற பாணுக்காக நானும் பின்னாலேயே போவேன்.

கமரா பின்பக்கம் இருந்ததால் பலிபீடமும் வரிசையாக மர வாங்குகளும் அவற்றில் உட்கார்ந்திருக்கும் சனத்தின் பிடரிகளும் மட்டுமே தெரியும். அங்கிளுக்குப் பிடரி போதும். இந்த மொட்டை இன்னாரின் மகன், அந்தச் செம்பட்டை முடி தபாற்கந்தோரை மூடும்வரை நடத்தியவளின் பேத்தி என்று அடுக்கிக்கொண்டு போவார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வாங்கு, எங்கும் எழுதிவைக்காத சட்டம். புதிதாக வந்த ஒருவர் தெரியாமல் இடம் மாறி இருந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு ஊரில் அதே கதை. பாதி ஊருக்கு ஒரே குடும்பப் பெயர் என்பதால் ஆளை அடையாளம் சொல்லத் தகப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் சேர்த்துக் கோர்த்துச் சொல்லுவார்களாம். இதைக் கேட்ட அப்பா, “எங்கட ஊரிலயும் உதுதானே!” என்று ஏதோ தனக்கே பரிசு கிடைத்த மாதிரிச் சந்தோசப்பட்டார்.

பாதிரியார் வரும்வரை அங்கிள் ஊரின் சரித்திரம் சொல்லுவார். மலைச்சரிவில் கூரையில்லாத கல்வீடுகள் இன்னும் நிற்கின்றன. உருளைக்கிழங்கு அழுகிய பஞ்சகாலத்தில் அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் செத்தார்கள், பாதிப் பேர் கப்பலேறினார்கள். அந்தச் சுவர்களிலிருந்து ஒரு கல்லைக்கூட யாரும் தங்கள் வேலிக்கு எடுக்கமாட்டார்கள். காலையில் கழுதை வண்டிகள் பால் நிலையத்தில் வரிசையாக நிற்கும். பால் கொடுக்க ஐந்து நிமிடம், ஊர்ப் புதினம் பேச இரண்டு மணித்தியாலம். ஒருவரின் வயலில் வைக்கோல் காயும்போது மழை கறுத்தால், கூப்பிடாமலே எல்லோரும் வந்து கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வயலுக்குப் போவார்கள்.

யாராவது செத்தால் முழு ஊரும் தேவாலயத்தில் வரிசையில் நிற்கும். முதல் வாங்கில் இருக்கிற குடும்பத்தவர் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, “சொறி ஃபோர் யுவர் ட்ரபிள்” என்று ஒரே ஒரு வசனம் சொல்லுவார்கள். உன் துயரத்துக்கு வருந்துகிறேன், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை. ஒருவரும் வராமல் விட்டதுண்டா என்று சித்தப்பா ஒருநாள் கேட்டார். அங்கிள் யோசித்துவிட்டு, தான் சிறுவனாக இருந்தபோது பனி விழுந்து பாதையெல்லாம் மூடிய கிழமையில் ஒரு வீட்டில் சாவு நடந்தது என்றார். அந்த வீட்டுக்கு யாரும் போக முடியவில்லை. கைகொடுக்க ஆள் வராத வீடு என்று அங்கிளின் தாய் சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி வருந்தினாராம்.

அங்கிளின் தம்பி அந்த ஊரிலேயே காணியைப் பார்த்துக்கொண்டு இருந்தவர். அவரை நான் ஒருநாளும் கண்டதில்லை. அந்த ஊர் ஆண்களில் பலர் பூசையின்போது வாங்கில் இருக்கமாட்டார்கள், கதவோரம் நிற்பார்கள், முடிந்ததும் முதலில் வெளியேறுவதற்காக. தம்பி நின்றது கமராவுக்கு நேர் கீழே. ஆனால் தன் மண்ணிறத் தொப்பியைக் கழற்றிக் கடைசி வாங்கின் ஓரத்தில் வைப்பார். திரையின் கீழ்மூலையில் தொப்பி தெரிந்ததும் அங்கிள், “வந்துவிட்டான்” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணியை ஊற்றுவார்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை தொடங்கியும் தொப்பி இல்லை. அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது நான்தான். கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்டு அங்கிளின் முகத்தைப் பார்த்தேன், சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இருந்தது. அவர் எழுந்து தொலைபேசிக்குப் போனார். தம்பியை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை காலை செய்தி வந்தது.

அங்கிளுக்கு நத்தார்ப் பண்டிகைக்கு முதல்தான் இருதயத்தில் ஆப்பரேஷன் நடந்திருந்தது. விமானம் ஏறவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அங்கே வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏழு மணிக்குப் பெட்டியைத் தேவாலயத்துக்குக் கொண்டுவருவார்கள், ஊர் வரிசையில் நின்று கைகொடுக்கும், மறுநாள் அடக்கம். எங்களுக்கு அது சனிக்கிழமை விடிய ஆறு மணி.

செய்தி வந்த அன்று மத்தியானம் நானும் சித்தப்பாவும் போனபோது அங்கிள் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். முதல் வாங்கின் ஓரத்தில் தன் இடம் வெறுமையாக இருக்கும் என்றார். நீங்கள் இருவரும் சனிக்கிழமை வந்தால் எனக்குப் போதும் என்றார். மேசையில், கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டியே இருக்கும் நல்ல கோப்பைகளைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு.

“அங்கிள், நாங்கள் இரண்டு பேர்தானே” என்று திருத்தினேன்.

“தெரியும், தெரியும்” என்று சொல்லி அவர் பதின்மூன்றாவதையும் எடுத்துத் துடைத்தார். எனக்கு அழுகை வரப்பார்த்தது. கைகொடுக்க ஆள் வராத வீடு இதுவாகத்தான் இருக்கப்போகிறது என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது.

சித்தப்பா வீட்டுக்கு விரைந்து நடந்தார். வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் எடுத்தார். அன்று பின்னேரம் அம்மா குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தபோது தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் போனது. சோக இசை முடிந்து ஒரு பெண்குரல் வாசித்தது: அயர்லாந்தின் மேற்குக் கரையோரக் கிராமத்தைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டவர் காலமானார். அன்னார் சிட்னியில் வசிக்கும் இன்னாரின் பாசமிகு சகோதரரும் ஆவார். அதுவரைக்கும் சரி. அதற்குப் பிறகு அப்பாவின் பெயரைச் சொல்லி அவரின் அன்புச் சகலனும், என் பெயரைச் சொல்லி என் பாசமிகு சிறிய தகப்பனாரும் ஆவார் என்று வந்தது. இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் அனைவரும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டு, சனிக்கிழமை காலை ஆறு மணி என்று சொல்லி, தொடர்புக்கு எங்கள் வீட்டு விலாசத்தையும் எங்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் இரண்டு தரம் வாசித்தது.

அம்மாவின் கை இடியப்ப உரலோடு அப்படியே நின்றது.

“தம்பி, உங்களுக்கென்ன விசரே? உயிரோட இருக்கிற எங்களை ஏன் செத்தவீட்டு அறிவித்தலுக்குள்ள இழுத்து விட்டனீங்கள்?”

“சொந்தக்காரர் இல்லாத அறிவித்தலை ஆர் அண்ணி கேட்பினம்? ஒரு பேர் கிடந்தால்தானே சனம் வரும். அவர் போனும் எடுக்கிறேல்ல, அதுதான் எங்கட நம்பரைக் குடுத்தனான்.”

அம்மா அடுத்ததைச் சொல்ல வாயெடுக்கும்போது தொலைபேசி அடித்தது. ஒரு அன்ரி. உங்கட ஆக்களில ஆர் வெள்ளைக்காரரைக் கட்டினது, எங்களுக்குச் சொல்லவேயில்லையே என்று கேட்டார். அம்மாவுக்குப் பொய் சொல்லவும் மனமில்லை, வானொலியைப் பொய்யாக்கவும் மனமில்லை. “அது... ஒருவகையில சொந்தம்தான்” என்றார். அந்த ஒரு வசனத்தோடு அம்மாவும் உள்ளே மாட்டிக்கொண்டார். அதன் பிறகு போன் ஓயவில்லை. அப்பா வேலையால் வந்து கதையைக் கேட்டுவிட்டு நெடுநேரம் தலையைச் சொறிந்தார். கடைசியில், “காத்தில போனதைத் திருப்பி எடுக்கேலாது. வாற ஆக்களை அங்கால அனுப்பிவிடுவம்” என்று தீர்ப்புச் சொன்னார்.

சனிக்கிழமை ஐந்தரைக்கே எங்கள் தெருவில் கார்கள் நிற்கத் தொடங்கின. வெள்ளை வேட்டி, மங்கல் நிறச் சேலை. எல்லோரும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். ஒரு அன்ரி அம்மாவைக் கட்டிப்பிடித்து அழ, அம்மாவும் சேர்ந்து அழுதார். ஏன் அழுதீர்கள் என்று பிறகு கேட்டபோது அவருக்கே சொல்லத் தெரியவில்லை. அப்பா வாசலில் நின்று போக்குவரத்துப் பொலிஸ் மாதிரிக் கையைக் காட்டி ஒவ்வொருவரையும் பக்கத்து வீட்டுக்குத் திருப்பிவிட்டார். நான் படலையில் நின்று எல்லோருக்கும் அந்த ஒரு வசனத்தைச் சொல்லிக்கொடுத்து, உச்சரிப்பையும் திருத்தினேன். அந்த விடியலில் எனக்கு வேலைக்குக் குறைவில்லை.

கறுப்புக் கோட்டுப் போட்டுக் கழுத்துப்பட்டியும் கட்டி அங்கிள் கதவைத் திறந்தார். முற்றம் நிறையச் சனம் நிற்பதைப் பார்த்து, எங்கேயும் தீப்பிடித்துவிட்டதா என்பது போல எங்கள் கூரையை எட்டிப் பார்த்தார்.

“உங்களுக்குக் கைகொடுக்க வந்திருக்கிறார்கள்” என்றேன்.

அவர் கதவை அகலத் திறந்து பிடித்தார். சனம் செருப்பைக் கழற்றிக் கழற்றி உள்ளே போனது. வாசலில் செருப்புகள் குவிவதை அங்கிள் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தானும் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கப் பார்த்தார். நெஞ்சு வெட்டின ஆள், குனிய முடியவில்லை. சித்தப்பா முழந்தாளிட்டுக் கழற்றிவிட்டார். உள்ளே போன அம்மா மேசையில் வரிசையாக நின்ற கோப்பைகளைக் கண்டார். அதுவரை சித்தப்பாவோடு கோபமாக இருந்தவர், அப்பாவை அனுப்பி எங்கள் வீட்டுப் பெரிய பானையையும், என் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய பலூன் படம் போட்ட கடதாசிக் கோப்பைகளையும் எடுப்பித்துக் கொண்டுவந்து தேத்தண்ணி போடத் தொடங்கினார்.

ஆறு மணிக்குப் பெட்டி தேவாலயத்துக்குள் வந்தது. அதன் மேல் அந்த மண்ணிறத் தொப்பி. அங்கிள் திரையைத் தொட்டு, “வந்துவிட்டான்” என்றார். அதை மட்டும் நான் திருத்தவில்லை.

அங்கே வரிசை நகரத் தொடங்கியதும் இங்கேயும் நகர்ந்தது. அங்கிள் முன்கதிரையில் காலுறையோடு இருந்தார், ஒவ்வொருவராக வந்து கைகொடுத்து அந்த வசனத்தைச் சொன்னார்கள். பழக்கதோசத்தில் முதலில் கும்பிட்டுவிட்டுப் பிறகு கைகொடுத்தவர்களும் உண்டு. கொடுத்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு சொல் சொல்லாமல் போனார்கள். அங்கிளுக்கு அது வித்தியாசமாகப் பட்டது. தான் ஏதும் பிழையாக நடந்துகொண்டேனா என்று சித்தப்பாவிடம் கேட்டார். செத்தவீட்டிலிருந்து போகும்போது நாங்கள் வாறன் என்று சொல்வதில்லை, திரும்பி வருவேன் என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவேன் என்றாகிவிடும் என்று சித்தப்பா விளக்கினார். நல்ல வழக்கம் என்று அங்கிள் தலையாட்டினார்.

இரண்டு வருடம் கழித்து அந்த ஊரின் சரித்திரம் புத்தகமாக வந்தது. தேவாலயத்தில் மெழுகுதிரி மாற்றுகிற, ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் எழுதியது. பஞ்சத்து வீடுகள், பால் நிலையம், பந்தடிக்கிற அணிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அங்கிளின் தம்பி பற்றிய பக்கத்தில், அன்று வரிசை இரண்டு நாடுகளில் நின்றது, சிட்னியில் அயலவர்கள் வெறுங்காலோடு வந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. அங்கிள் தந்த பிரதி எங்கள் வீட்டில் இருக்கிறது. சித்தப்பாவுக்குப் பிறகு விசா கிடைத்தது, இப்போது அவர் பஸ் ஓட்டுகிறார். அங்கிள்தான் பழக்கினார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

புத்தகத்தில் இல்லாத ஒன்று உண்டு. அன்று வரிசையின் கடைசி ஆள் சித்தப்பா. அவரும் கையைக் கொடுத்து வசனத்தைச் சொன்னார். அங்கிள் கையை விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதே வசனத்தைச் சித்தப்பாவுக்குத் திருப்பிச் சொன்னார்.

நான் உடனே குறுக்கிட்டேன். “அங்கிள், செத்தது உங்கள் தம்பி. சித்தப்பாதான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சித்தப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டார். கொஞ்சம் முன்னர்தான் அந்த வழக்கத்தை விளக்கிச் சொன்ன மனிதர், திரும்பி நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, “போயிட்டு வாறன்!” என்றார்.

படலையடியில் பிடித்துக்கொண்டேன். “சித்தப்பா, செத்தவீட்டில அப்பிடிச் சொல்லக்கூடாது. நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

“ஓம் குஞ்சு, மறந்துபோனன்” என்று என் தலையைத் தடவினார்.

பின்னறைப் படத்துக்கு ஏன் பொட்டில்லை என்று நான் கேட்டது பதினைந்து வயதில். சித்தப்பாவின் அண்ணா போர் முடிந்த நாட்களில் இராணுவத்தால் ஒரு பஸ்ஸில் ஏற்றப்பட்டவர். அதன் பிறகு அவர் இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. அந்தத் துயரத்துக்கு எங்கள் சனத்தில் யாரும் சித்தப்பாவுக்குக் கைகொடுத்ததில்லை, கொடுத்தால் அந்த அண்ணாவைச் செத்தவராக்கிவிடுவோம் என்ற பயம். பின்படியில் தேத்தண்ணி குடித்துக் குடித்து அந்தக் கதையைக் கேட்டிருந்த அயர்லாந்துக்காரருக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. சித்தப்பா அவருடைய கையை வாங்கிக்கொண்டார். ஆனால் தன் அண்ணாவுக்கும் அதைச் செத்தவீடாக்கிவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை, அதனால்தான் வாறன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஒன்பது வயதில் எனக்கு இது ஒன்றும் தெரியாது. அம்மா முற்றத்துப் பைப்படியில், செத்தவீட்டுத் தீட்டுப் போக எல்லோருடைய காலுக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவரிடம் பெருமையாகச் சொன்னேன்: பெரியவர்கள் இரண்டு பேர் ஒரே காலையில் இரண்டு பிழை விட்டார்கள், இரண்டையும் நான் திருத்திவிட்டேன்.